கேட்டுவிட்டுத் தொடுகிற இடம்: கிளிநொச்சியில் ஒரு இயன்மருத்துவ நிலையம்

விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ஊர்க் கழகப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். அதனால் யாருக்குக் கால் பிசகினாலும், முழங்கால் வீங்கினாலும் முதல் கேள்வி என்னிடம்தான் வரும்: "சேர், எங்கை கொண்டு போறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன். கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் வேலை முடிந்தபின் நடத்தும் சின்ன நிலையம் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கிளிநொச்சியில் பந்து உதைக்கும் எந்தப் பொடியனைக் கேட்டாலும் வழி காட்டுவான். விளையாட்டுக் காயம், மூட்டு நோவு, தசைப் பிடிப்பு எதுவானாலும் வன்னிக்குள் நான் நம்பி அனுப்பும் இடம் அதுதான்.

வீட்டின் முன் விறாந்தையை அடைத்துச் செய்த ஒரே அறை. இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு துணித் திரை, சுவரோடு பொருத்திய மரச்சட்டம், ஒரு அல்ட்ராசவுண்ட் இயந்திரம், நரம்பு நோவுக்கு மெல்லிய மின்னோட்டம் கொடுக்கும் டென்ஸ் பெட்டி, கைமூட்டு நோவுக்காரருக்கு மெழுகு உருக்கும் தொட்டி. அவ்வளவுதான். இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்து வைத்தியத்தை அளப்பவர்களுக்கு இந்த அறை போதாது. ஆனால் அந்த இயந்திரங்களையே அவர் அடிக்கடி போடுவதில்லை. முதல் முறை போகிறவரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார். எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, இரவில் எழுப்புகிறதா, வீட்டில் என்ன வேலை, வயலில் என்ன வேலை, எந்தப் படி ஏறுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். கட்டிலில் ஏறச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்தது அந்தக் கேள்விகளில் ஒன்றால்தான். "உடம்புக்குள்ளை இரும்பு ஏதும் இருக்கா சேர்? செல் துண்டு, கம்பி, பிளேட், எதெண்டாலும் சொல்லுங்கோ."

இருக்கிறது. 2009 போரில் பட்ட சிறு எறிகணைத் துண்டொன்று என் இடது கெண்டைக்காலுக்குள் இன்னும் கிடக்கிறது. எடுக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதே காலில்தான் குதிகாலுக்கு மேலே, பின்பக்கத்தில், காலையில் எழும்பினால் விறைத்துப் பிடிக்கும் நோவு வந்தது. அதற்காக முதலில் போன வேறோர் ஊர் நிலையத்தில் எவரும் எதையும் கேட்கவில்லை. வைத்தியசாலைச் சீட்டைப் பார்த்தார்கள், படுக்கச் சொன்னார்கள், சூடு கொடுக்கும் இயந்திரத்தைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலின் உள்ளே ஒரு இடம் மட்டும் சுள்ளென்று எரியத் தொடங்கியது. நான் கூப்பிட்டுத்தான் நிறுத்தினார்கள். ஏன் எரிந்தது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

கிளிநொச்சியில்தான் விளக்கம் கிடைத்தது. ஷோட்வேவ் டயதேர்மி என்ற அந்த இயந்திரம் 27.12 மெகாஹேட்ஸ் அலைகளால் தசையின் ஆழத்தைச் சூடாக்குகிறது. உள்ளே உலோகம் இருந்தால் சக்தி அந்த இடத்தில் குவிந்து சுற்றியுள்ள தசையைச் சுட்டுவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அது பேராபத்து. இதெல்லாம் இயன்மருத்துவம் படிக்கிறவர்களுக்கு ஆரம்பப் பாடம். ஆனால் இந்த மண்ணில் எத்தனை பேர் உடம்பில் துண்டோடு நடக்கிறோம்! வேறு ஊர்களில் ஒரு படிவத்தில் சரி அடையாளம் போட்டுக் கடந்து போகக்கூடிய கேள்வி, புதுக்குடியிருப்பிலும் விசுவமடுவிலும் ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து கேட்கப்பட வேண்டிய கேள்வி. எங்களில் பலர் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், அதையும் மெதுவாகக் கேட்டால்தான். அவர் மெதுவாகத்தான் கேட்டார். எப்படிப் பட்டது, எங்கே பட்டது என்று கிளறவில்லை.

சரி, குதிகாலுக்கு வருகிறேன். கெண்டைத் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் தடித்த நாண், அதாவது அக்கிலிஸ் நாண், களைத்துத் தடித்துப் போயிருக்கிறது என்றார். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரண்டு காலாலும் எழும்பி, நோகிற காலால் மட்டும் மெதுவாகக் குதியைக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவையாக மூன்று சுற்று, மடித்து 15 தடவையாக மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 கிழமைக்கு. இது சுவீடனில் ஹோகான் அல்பிரெட்சன் என்ற வைத்தியர் 1998 இல் வெளியிட்ட முறை. அவருக்கே இந்த நோவு இருந்ததாகவும், அறுவைச் சிகிச்சை செய்ய மேலதிகாரி மறுத்ததால் நாண் அறுந்தாலும் அறுந்து போகட்டும் என்று கடுமையாகப் பயிற்சி செய்யப் போய் நோவு மாறிவிட்டதாகவும் சொல்வார்கள். பிறகு ஓட்டக்காரர் 15 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார். 15 பேரும் திரும்ப ஓடினார்கள்.

செய்யும்போது நோகும், தாங்கக்கூடிய நோவென்றால் நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தது பெரிய உதவி. இல்லாவிட்டால் இரண்டாம் நாளே கைவிட்டிருப்பேன். நோவு குறையக் குறைய முதுகில் பாரம் ஏற்றச் சொன்னார். மகனின் பழைய பாடசாலைப் பையில் மணலை நிரப்பிக்கொண்டு விறாந்தைப் படியில் நின்றேன். மாதங்கள் எடுத்தது உண்மை. இப்போது பிள்ளைகளோடு சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன். காலை விறைப்பு மாரி காலத்தில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கிறது.

அடுத்தது தங்கையின் மகள். வலைப்பந்தாட்டத்தில் பந்துக்கு எம்பி இறங்கும்போது மற்றப் பிள்ளையின் பாதத்தின் மேல் கால் விழுந்து, கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. கணுக்கால் வீங்கிக் கறுத்துவிட்டது. எங்கள் வழக்கப்படி எண்ணெய் போட்டு இழுத்துவிட்டுப் புக்கை கட்டலாம் என்று வீட்டில் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஆட்டோ பிடித்துக் கொண்டு போனேன்.

"விழுந்த உடனை நாலடி வைக்க ஏலுமா இருந்ததா பிள்ளை?"

"கெந்திக் கெந்தி நடந்தனான் மிஸ்."

"இப்ப எனக்கு முன்னாலை நாலடி வைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

வைத்துக் காட்டினாள். பிறகு கணுக்கால் எலும்புகளின் பின் விளிம்பையும் நுனியையும், பாதத்தின் இரு பக்கங்களிலும் உள்ள எலும்புகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். எலும்பில் நோவில்லை, எலும்புக்கு முன்னால், எலும்புகளை இணைக்கும் நாரில்தான் நோவு. அப்படியானால் எக்ஸ்ரே தேவையில்லை என்றார். கனடாவின் ஒட்டாவாவில் 1992 இல் வகுத்த சோதனை இது. எலும்பு முறிந்திருக்க வாய்ப்புள்ளவரை மட்டும் எக்ஸ்ரேக்கு அனுப்ப உதவுகிறது. எண்ணெயும் புக்கையும் கட்டும் முறிவு நெரிவு நாட்டு வைத்தியரை அவர் ஒரு சொல்லாலும் குறைத்துப் பேசவில்லை. தங்கை கேட்டபோது, "வீக்கம் இருக்கிற முதல் நாட்களிலை மட்டும் இழுக்கவும் உருவவும் வேண்டாம் அக்கா, கிழிஞ்ச நார் இன்னும் கிழியும்" என்று காரணத்தோடு சொன்னார். தங்கை ஏற்றுக்கொண்டாள். அதட்டியிருந்தால் நேரே புக்கைக்குத்தான் போயிருப்பாள்.

உடற்கல்வி படித்த காலத்தில் எங்களுக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் மனப்பாடமாக்கித் தந்தார்கள். அமெரிக்க வைத்தியர் கேப் மேர்கின் 1978 இல் சொன்னது அது. ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே மாற்றிச் சொல்லிவிட்டார். இங்கே கிடைத்த ஆலோசனையும் அப்படித்தான்: நோவு தாங்க முடியாவிட்டால் கொஞ்ச நேரம் ஐஸ், கிரேப் பண்டேஜ் கட்டு, படுக்கும்போது கால் தலையணை மேல், முடிந்தவரை சீக்கிரம் நடை. பிறகு ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, மடித்த போர்வை மேல் நிற்பது. நார் கிழியும்போது மூட்டு எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் பழுதாகிறது, அதைத் திரும்பப் பழக்காவிட்டால் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகும் என்றார். எங்கள் பாடசாலையில் வருடா வருடம் அதே காலைக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

பாதத்தைப் பலப்படுத்த ரப்பர் பட்டி வேண்டும். கடையில் விற்கும் பட்டியின் விலையைத் தங்கை கேட்டதும், "சைக்கிள் ரியூப்பை நீளமாய் வெட்டி எடுங்கோ, அது காணும்" என்றார். மருமகள் அதில்தான் செய்தாள்.

வீக்கம் வற்றி, நோவும் போனபிறகு ஆட்டத்துக்கு விடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. ஒற்றைக் காலில் பாயச் சொல்லித் தூரத்தை அளந்தார், இரண்டு காலுக்கும். அடிபட்ட காலின் பாய்ச்சல் மற்றக் காலின் 90 வீதத்தைத் தொட்டால்தான் மைதானம். தொடவில்லை. மருமகள் கண் கலங்கினாள், மாகாணப் போட்டி கிட்ட வந்துகொண்டிருந்தது. "ஒரு போட்டியை விட்டால் அடுத்த போட்டி வரும்" என்று சொல்லி அனுப்பாமல், எந்தத் தசை இன்னும் குறைவு, அதற்கு எந்தப் பயிற்சி என்று ஒரு கொப்பித் தாளில் படம் கீறிக் கொடுத்தார். அடுத்த அளவையில் தாண்டினாள்.

எங்கள் கழகப் பொடியன் ஒருவன் திரும்பும்போது முழங்காலில் "டக்" என்று சத்தம் கேட்டு விழுந்தான். அன்றிரவே முழங்கால் வீங்கிவிட்டது. அவனை இவர் தன்னிடம் வைத்திருக்கவில்லை. கையால் இழுத்துப் பார்த்தார், முழங்காலுக்குள் உள்ள முன் குறுக்கு நார் (ஏசிஎல்) அறுந்து போயிருக்கும் என்று சந்தேகப்பட்டார், கடிதம் எழுதி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் திரும்ப எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார் "எப்ப விளையாடுவான்" என்று தொலைபேசியில் நெருக்க, ஒன்பது மாதத்துக்கு முன் பந்தைத் தொடக் கூடாது என்று உறுதியாக நின்றார். 2016 இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயப்படும் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. எங்கே நிறுத்த வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவரிடம் பிள்ளையை ஒப்படைக்கப் பயமில்லை.

அதன்பிறகு நான் கேட்காமலே, கழகத்துக்கென்று பீபாவின் 11+ என்ற, காயம் தடுக்கும் சூடாக்கல் பயிற்சியைத் தமிழில் எழுதித் தந்தார். 20 நிமிடம்தான்: ஓட்டம், பிறகு பலமும் சமநிலையும், பிறகு மீண்டும் ஓட்டம். 2008 இல் வெளிவந்த ஆய்வொன்றில், இதைச் செய்த நோர்வே உதைபந்தாட்டப் பெண் பிள்ளைகளிடையே காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. செலவில்லை, கருவி வேண்டாம். வன்னியில் உள்ள ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியரையும் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளைகளை மைதானத்தில் இறக்கியவுடனே பந்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அங்கே காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் விளையாட்டுக்காரர் அல்ல. நெல் மூட்டை தூக்கி நாரி பிடித்தவர்கள், லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஓட்டித் தோள் இறுகியவர்கள், பொய்க்கால் போட்டு இத்தனை வருடம் நடந்ததில் நல்ல காலின் முழங்கால் தேய்ந்தவர்கள். நாரிப் பிடிப்புக்குப் படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்த வேலையைச் செய்யுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறார். பொய்க்காலின் உறை தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்.

குறைகளும் உண்டு. ஒரே அறை, திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். பெண்களுக்கு இது சங்கடம், முதலில் திருத்த வேண்டியது இதுதான். முறைப்படி நம்பர் கொடுப்பதில்லை, சனிக்கிழமை பின்னேரம் போனால் இருட்டும்வரை இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் பஸ் கிடைப்பது நிச்சயமில்லை. எங்களுக்கு ஆட்டோக் கூலி அவருடைய கட்டணத்தைவிட அதிகம். கட்டணம் முடியாதவர்களை அவரே காலையில் வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார், அங்கே இலவசம். போகும்போது கட்டைக் காற்சட்டை அல்லது தளர்ந்த பாவாடை, பழைய எக்ஸ்ரே, வைத்தியசாலைத் துண்டு எல்லாம் கொண்டுபோங்கள். வேறு எங்கே போனாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது விசுவமடுவுக்கு வரும்படி அவரைக் கேட்டிருக்கிறோம். இரண்டு கட்டில் போடக்கூடிய, கதவு பூட்டக்கூடிய அறை இருந்தால் வருகிறேன் என்றார். கழகக் கட்டடத்தின் பின் அறையைக் கொடுக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. நடுவில் சுவர் எழுப்பச் சீமெந்தும் கல்லும் தேவைப்படுகிறது. தர விரும்புகிறவர்கள் பின்னேரங்களில் மைதானத்துக்கு வந்தால் என்னைச் சந்திக்கலாம்.