"வெறும் 14,212 கிலோமீட்டர்தான் சார்": ஒரு பழைய போர்ஷே வாங்கி நான் ஏமாந்த விவரம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதிலும் "கம்மி கிலோமீட்டர்" என்றதும் மனம் இளகிவிடுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். இதில் நான் சொல்லப்போவதில் பெரும்பாலானது வண்டியை வாங்குவதற்கு முன்பே, அரை நாளில், எனக்குத் தெரிந்திருக்கக்கூடியது. அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

எனக்குக் கோயம்புத்தூர். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலிக்கு வெளியே நின்று ரேஸ் பார்த்து வளர்ந்தவன். நாற்பது வயதுக்குள் ஒரு போர்ஷே வாங்கிவிட வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து இருந்த ஆசை. புதிது நம்மால் ஆகாது. 2024 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பழைய கார் வியாபாரி போட்ட விளம்பரம் கண்ணில் பட்டது. போர்ஷே பாக்ஸ்டர், 2010 மாடல், 2.9 லிட்டர் எஞ்சின், பி.டி.கே. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், வெள்ளி நிறம், "ஒரிஜினல் 14,212 கி.மீ.". விலை 24 லட்சம்.

மறுநாளே ரயில் ஏறிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை மணி. ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் வண்டி பளபளவென்று நின்றது. "டாக்டர் வண்டி சார். ஞாயித்துக்கிழமை மட்டும் ஈ.சி.ஆர். வரைக்கும் போய்ட்டு வருவார், அவ்வளவுதான்" என்றார் விற்பவர். பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. "நாளைக்குக் காலையில் ஒரு ஒர்க் ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டேன். "தாராளமா பாருங்க சார். ஆனா காலைல பத்து மணிக்கு ஹைதராபாத் பார்ட்டி டோக்கனோட வர்றார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், அன்றிரவே பணம் அனுப்பினேன்.

பானட் சூடாக இருந்ததில் ஒரு விஷயம் இருக்கிறது. பாக்ஸ்டருக்கு எஞ்சின் முன்னால் கிடையாது, சீட்டுக்குப் பின்னால், நடுவில். அப்படியும் முன்பக்கம் சூடாக இருந்ததென்றால், முன் பம்பருக்குள் இருக்கும் ரேடியேட்டர்கள் கொதிக்கும் அளவுக்கு நான் வருவதற்கு முன்பே வண்டியை நன்றாக ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் சத்தமும் புகையும் வண்டியின் உண்மையைச் சொல்லும். வாங்குகிறவருக்கு அந்த நிமிடம் கிடைக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வண்டி ஆறிக் கிடக்கும்போது வருவேன், யாரும் சாவி போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுத்தால் போகவே வேண்டாம்.

ஊருக்கு ஓட்டி வரும்போது சேலம் தாண்டியதும் ஏர்பேக் விளக்கு எரிந்தது. பழைய வண்டி, சென்சார் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் மட்டும் நாலு முறை என் மகளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, யாரும் தொடாமலே கண்ணாடிகள் தானாக இறங்கின. அதற்குப் பிறகுதான் சிங்காநல்லூர் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். ரேஸ் வண்டிகளில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, லிஃப்ட்டிலும் ஏற்றவில்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இல்லை, இதற்கு மேல் வராது என்கிற கடைசி வரைக்கும் இழுத்தார். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி ஒரு முழம் பெல்ட் வெளியே வந்தது. அதுவரை கறுப்பாக இருந்த பட்டை அங்கே பழுப்பேறி இருந்தது. அதன் குறுக்கே, டீ கிளாஸின் அடியில் வண்டல் காய்ந்த மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது. விரலில் எடுத்து என்னிடம் காட்டினார். சேறு.

"வண்டி தண்ணியில முங்கியிருக்குதுங்க தம்பி" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

அப்புறம் சீட்டைக் கழற்றினார். மேலே புது மேட், அதற்கு அடியில் கார்ப்பெட்டின் பஞ்சு நொறுங்கிக்கிடந்தது. சீட் தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. அந்தத் திருகுகளைப் பாலிஷ் போட யாரும் மெனக்கெடுவதில்லை. அடியில் ஓடும் வயர் கனெக்டர் ஒன்றைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. ஏர்பேக் விளக்குக்கும், தானாக இறங்கிய கண்ணாடிக்கும் காரணம் அங்கேதான் இருக்க வேண்டும் என்றார். பச்சை பூத்த வயர் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்று அவரிடம் கேட்டேன். "என்னால சொல்ல முடியாதுங்க" என்றார்.

அடுத்து லேப்டாப்பை இணைத்தார். போர்ஷே வாங்க நினைக்கும் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியின் எஞ்சின் கம்ப்யூட்டர், எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனியாகக் குறித்து வைக்கிறது. டேஷ்போர்டில் தெரியும் கிலோமீட்டர் வேறு இடத்தில் இருக்கிறது. மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த மணிக்கணக்கைத் தொடுவதில்லை. திரையில் வந்த எண் 2,310 மணி நேரம். அன்று மீட்டரில் இருந்தது 14,936. அண்ணன் தன் போனில் வகுத்துக் காட்டினார். சராசரி வேகம் மணிக்கு ஆறரை கிலோமீட்டர். எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையில் வேகமாக நடக்கிறவர்களின் வேகம் அது. நெரிசலான நகரத்தில் மணிக்கு 25 என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த 2,310 மணி நேரத்துக்கு வண்டி 57,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க வேண்டும்.

மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் அதே கம்ப்யூட்டர் இன்னொன்றையும் சொல்லும். தவறான கியரில் போட்டு எஞ்சினை வரம்புக்கு மேல் சுற்ற வைத்தது எத்தனை தடவை, எந்த மணிக்கணக்கில் என்பது ஆறு படிகளாகப் பதிவாகியிருக்கும். மேல் படிகளில் எண் இருந்தால், அதுவும் சமீபத்திய மணிக்கணக்கில் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரி, அனுமானம் போதாது என்று ஆர்.சி. புத்தகத்தோடு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இப்போது நான் உரிமையாளர் என்பதால், சேசிஸ் நம்பரை வைத்துப் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொன்னார்கள். கடைசியாக வண்டி சர்வீசுக்கு வந்தது 2015 நவம்பர். அன்றைய மீட்டர் 38,412. அதற்குப் பிறகு ஒரு பதிவுகூட இல்லை. ஆர்.சி.யில் இரண்டாவது உரிமையாளர் பெயர் ஏறியது 2016 ஜூலை.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரை புரண்டபோது பேஸ்மென்ட் பார்க்கிங்குகள் என்ன ஆயின என்பதைச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கு வைத்துப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி சால்வேஜ் ஏலத்துக்கு, அதாவது சேதமான வண்டிகளை விற்கும் ஏலத்துக்குப் போகும். விபத்து வண்டி என்றால் தகரம் காட்டிக்கொடுக்கும். வெள்ள வண்டியில் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. என் வண்டி அப்படி ஏலத்துக்குப் போனதா என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை. சேறும், அந்தத் தேதிகளும் இருக்கின்றன. நனைந்த மீட்டரைக் கழற்றிவிட்டு வேறு மீட்டர் மாட்டியிருப்பார்கள், எஞ்சின் கம்ப்யூட்டர் பின்னால் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் தப்பித்திருக்கும் என்பது அண்ணனின் கணிப்பு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நனைந்த வண்டிகளும் இப்போது சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே இது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறகு யோசித்துப் பார்த்தால் வண்டியே எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறது. ஸ்டீயரிங் தோல் மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிரேக் பெடல் ரப்பரின் ஓரம் மழுங்கியிருந்தது. பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் நகம் தட்டும் அளவுக்கு வரப்பு ஏறியிருந்தது. 14,000 கிலோமீட்டரில் இதெல்லாம் வராது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பின் டயர்களில் 3119 என்று இருந்தது. அதாவது 2019, முப்பத்தொன்றாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய வண்டிக்கு நடுவில் டயர் ஏன் மாற்றினார்கள், பழைய டயருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை. வயதாகிவிட்டது, மாற்றினோம் என்று நியாயமான பதில்கூட வந்திருக்கலாம். பதில் சொல்லும் முகத்தையாவது பார்த்திருப்பேன். முன் டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டிய ஸ்டிக்கரும் இல்லை. சேசிஸ் எண், பெயின்ட் எண், வண்டியோடு வந்த வசதிகளின் குறியீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது, போனோடு இணைத்துக்கொள்ளலாம். பிழை எதுவும் இல்லை என்று அது காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வண்டியின் சுயபரிசோதனைகள் முடிந்துவிட்டனவா, பாதியில் நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். பல பாதியில் நின்றால், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், அல்லது நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ பிழைகளை அழித்திருக்கலாம். எனக்கு வந்த வண்டியில் ஷோரூமில் எரியாத ஏர்பேக் விளக்கு சேலத்தில் எரிந்ததற்கு, பச்சை பூத்த வயரோடு இப்படி அழித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொன்று. மீட்டர் உண்மையாகவே குறைவாக இருந்தாலும் அது மட்டும் நல்ல வண்டிக்கு அடையாளம் ஆகாது. வருஷக்கணக்கில் நிறுத்தியே வைத்திருந்த வண்டியில் ரப்பர் சீல்கள் காயும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், டயர் கல்லாகும், டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போகும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷா வருஷம் ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதோடு 60,000 ஓடிய வண்டிக்கு நான் இன்று பணம் கொடுப்பேன், ரசீதில்லாத 14,000க்குக் கொடுக்க மாட்டேன்.

வியாபாரியிடம் பேசினேன். முதல் நாள் "பார்த்துச் சொல்றேன் சார்". மறுவாரம் "நாங்க ஏஜென்ட் மட்டும்தான், ஓனரைக் கேளுங்க". ஓனரைத் தேடிப் பிடித்தால், தான் கொடுக்கும்போது மீட்டரில் என்ன இருந்தது என்று நினைவில்லை என்கிறார். நான் அவசரத்தில் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டின் பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில், "மீட்டர் அளவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று இருந்தது. அன்றிரவு அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

வக்கீல் முதலில் கேட்டது, அந்த வியாபாரிக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டபோது அவர் காட்டவில்லை. எனக்குக் கைகொடுத்தது இரண்டு விஷயம். பணம் வியாபாரியின் கணக்குக்குப் போயிருந்தது. "ஒரிஜினல் 14,212 கி.மீ." என்ற விளம்பரத்தை மனைவிக்கு அனுப்புவதற்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். விளம்பரத்தை அவர்கள் எப்போதோ நீக்கிவிட்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். கோவையில் போட்டிருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

வண்டி ஷெட்டில் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கிறேன். இந்த நிலையில் இதை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு எனக்கு மனம் வராது.

போன வாரம் அதே வியாபாரி புதிதாக ஒரு விளம்பரம் போட்டிருக்கிறார். இன்னொரு இரண்டு சீட் வண்டி, "11,000 கி.மீ., டாக்டர் ஓனர்". கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் யாராவது இப்படி ஒரு வண்டியைப் பார்க்கக் கிளம்புவதாக இருந்தால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன்.