கேரவனா டெம்போவா, கோடியக்கரையா மண்டபமா: ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது?

பொங்கல் லீவில் கேரவன் எடுத்துக்கொண்டு கடலோரமாக எங்காவது போய் வண்டியிலேயே இரண்டு ராத்திரி தங்கலாம் என்று என் மச்சான் பேச்செடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அவன் பார்த்த வீடியோ அமெரிக்காவில், மேரிலாண்ட் பக்கம் அசட்டீக் தீவில் எடுத்தது. கடலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மணல்மேடுதான், அந்தப் பக்கமாகக் காட்டுக் குதிரை நடந்து போகிறது, இவர்கள் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக் காபி குடிக்கிறார்கள். "மாமா, நம்ம ஊர்லயும் கோடியக்கரைல குதிரை இருக்குது, கடல் இருக்குது, வண்டி வாடகைக்குக் கெடைக்குது, அப்புறம் இன்னா?" என்றான்.

அந்த வீடியோவை நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். குதிரையை விட்டுவிட்டுப் பின்னால் தெரிவதைப் பார்த்தால் கதை வேறு. நிறுத்துமிடத்துக்கு நம்பர் போட்டு முன்பதிவு செய்திருக்கிறார்கள், கழிப்பறை இருக்கிறது, குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யத் தனியாக ஓர் இடமே இருக்கிறது. கரண்டு மட்டும்தான் கிடையாது. 1965-லேயே அந்தக் கடற்கரையைத் தேசியப் பூங்காத் துறை எடுத்துக்கொண்டு செய்த ஏற்பாடு அது. நம் பக்கத்துக் கடலோரச் சரணாலயம் எதிலும் இப்படி ஒரு மூலையை நான் பார்த்ததில்லை. அதனால் எந்த இடம் அழகு என்று ஆரம்பிக்காமல், ராத்திரி பத்து மணிக்கு வண்டியை எங்கே நிறுத்துவோம், விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எங்கே போவார் என்ற கேள்வியை வைத்தே எல்லாவற்றையும் பார்த்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்புவது எட்டுப் பேர்: இரண்டு குடும்பம், மூன்று பிள்ளைகள், முட்டி வலியோடு என் அம்மா.

முதலில் வண்டி. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி பஸ் அளவுக்கு நினைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் விசாரித்த இரண்டும் டெம்போ டிராவலர் உடம்பிலேயே உள்ளே கட்டில், சின்னக் கழிப்பறை, சிங்க் எல்லாம் வைத்துக் கட்டினவை. படுக்கை நான்கு. எட்டுப் பேர் என்றதும் "குழந்தைங்கள அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார்கள், வாடகை மட்டும் அட்ஜஸ்ட் ஆகவில்லை, சாதா டெம்போவைப் போல இரண்டரை மடங்கு. ஏசி ஓட வேண்டுமென்றால் வெளியிலிருந்து கரண்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் போட வேண்டும். காட்டு ஓரத்தில் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம் போட்டால் மானும் வராது, ஊர்க்காரரும் சும்மா இருக்க மாட்டார்.

தண்ணீர்க் கணக்குதான் எங்கள் வீட்டில் கேரவனைக் கவிழ்த்தது. தொட்டி நூறு லிட்டர் என்று மச்சான் பெருமையாகச் சொன்னான். அம்மா லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டு வளர்ந்தவர், லிட்டர் எல்லாம் அவருக்குக் குடமாகத்தான் காதில் விழும். ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால் நூறு லிட்டர் ஆறரைக் குடம். "ஆறு கொடத்துல எட்டுப் பேரா? நம்ம மாடிப்படி கழுவவே நாலு கொடம்டா" என்றார். கை கழுவ, பாத்திரம் கழுவ, கழிப்பறையில் ஊற்ற என்று பிரித்துப் பார்த்தால் முதல் நாள் சாயங்காலமே தொட்டி காலியாகிவிடும். உள்ளே போன தண்ணீர் கழிவாகத் தேங்கும் அல்லவா, அதை எங்கே இறக்குவது? கழிவுநீர் லாரிக்காரரைத் தண்டையார்பேட்டையில் போன் போட்டு வரவழைக்கலாம், கோடியக்கரை உப்பளத்துப் பக்கம் யாரைக் கூப்பிடுவது? சதுப்பில் திறந்துவிடுகிற ஆள் என்றால் பறவை பார்க்கக் கிளம்பவே வேண்டாம்.

டெம்போவில் இந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு சீட், எட்டுப் பேர் கால் நீட்டி உட்காரலாம், மூட்டையெல்லாம் கேரியரில் ஏற்றிவிடலாம். குறை என்னவென்றால் ராத்திரி தங்கத் தனியாக அறை எடுக்க வேண்டும், டிரைவருக்கும் படுக்க இடம் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுப் பகலில் வெயிலில் நிற்கிற வண்டிக்குள் தூங்கு என்று அவரை விட்டால், திரும்பி வரும்போது ஈசிஆரில் நம் உயிர் அவருடைய இமையில்தான் தொங்கும்.

அப்புறம் இடங்கள். பிச்சாவரத்தை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டோம். அலையாத்திக் காட்டுக்குள் படகு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது அரை நாள் வேலை, சிதம்பரம் போகிறவர்கள் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

பழவேற்காடு எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. மீஞ்சூர், பொன்னேரி வழியாக 50 கிலோமீட்டர் சொச்சம். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டாமல் விடியலில் கிளம்பினால் டிபனுக்கு அங்கே இருக்கலாம். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி ஏரி, அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, குளிர்காலத்தில் பூநாரை வரும், டச்சுக்காரர்கள் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். படகு மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் கரையில் நின்று "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிடுகிற ஆள் இருந்தால், லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

பழவேற்காட்டில் ஒத்திகை மாதிரி ஒரு ராத்திரி தங்கியும் பார்த்தோம். போன டிசம்பரில் மச்சானின் நண்பர் ஒருவருடைய வேன், உள்ளே கட்டில் போட்டது, நான், மச்சான், பெரியவன் மூன்று பேர். சாயங்காலம் மடவை மீன் நல்லதாகக் கிடைத்தது. வெளியே வாடைக்காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்ததால், வண்டிக்குள்ளேயே சின்ன சிலிண்டரைப் பற்றவைத்து மச்சான் மீன் பொரித்தான். எண்ணெய் ஜன்னல் திரையில் தெறித்து மஞ்சள் புள்ளியாக நின்றது, புகை கட்டில் மெத்தைக்குள் இறங்கியது, போர்வையைத் தலைவரை இழுத்தால் மீன், தள்ளிவிட்டால் கொசு. வண்டியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்தும் அந்த நண்பர் வீட்டில் எங்களைப் பற்றி நல்ல பேச்சு இல்லை. மூடின வண்டிக்குள் சிலிண்டர் வைப்பதே தப்பு என்பது பின்னால்தான் உறைத்தது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் செத்துப்போனதைப் படித்திருந்தும் செய்தோம் பாருங்கள்.

அன்று ராத்திரி இன்னொன்றும் நடந்தது. பத்து மணிக்கு மேல் டார்ச் அடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, இது காலைல வலை காயப்போடுற எடம், வண்டிய அந்தாண்ட எடுத்துக்கோங்க" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். காசிமேட்டில் வலை மேல் எவனாவது வண்டியை ஏற்றினால் எங்கள் ஆட்கள் பேசுகிற பேச்சே வேறு. வெறும் மணல் என்று நாம் நினைக்கிற கடற்கரை, யாராவது ஒருவருடைய வேலை செய்கிற இடம். கேரவனை "கடலைப் பார்த்தபடி" நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் புரிந்தது. பழவேற்காடு ஒரு பகலுக்கு முதல் மார்க், ராத்திரிக்கு வேண்டாம்.

கோடியக்கரைக்கு வருவோம். இங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். தண்டையார்பேட்டை ஆட்களுக்கு முதல் தடை சென்னையைக் குறுக்கே கடப்பதுதான், விடியற்காலை நான்கு மணிக்குள் பீச் ரோட்டைத் தாண்டிவிட்டால் ஈசிஆர், பாண்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம் என்று கடலோரமாகவே இறங்கலாம். 1967-இல் வெளிமானுக்காகவே அறிவித்த சரணாலயம் இது, 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. முறுக்கின கொம்போடு கருத்த ஆண் மான் வெட்டவெளிப் புல்லில் நிற்பதைப் பார்க்க ஜீப்பும் வேண்டாம், மலை ஏறவும் வேண்டாம், அம்மா மாதிரி ஆளுக்கு இது பெரிய விஷயம். மச்சான் கேட்ட குதிரையும் உண்டு, மட்டக் குதிரை, வீட்டுக் குதிரையாக இருந்து காட்டில் திரிய ஆரம்பித்தவை. அக்டோபருக்கு மேல் வேதாரண்யம் சதுப்பில் பூநாரை இறங்கும், ஆனால் தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும், பைனாகுலர் இல்லாமல் போய்விட்டு ஏமாந்தேன் என்று சொல்லாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்துகொண்டிருப்பது வேறு தனித் தலைவலி.

ராத்திரி? சரணாலயத்துக்குள் வண்டியில் படுப்பது கிடையாது, காலையில் திறப்பார்கள், மாலையில் அனுப்பிவிடுவார்கள், வனத்துறை ஓய்வு விடுதி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ், இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட ஓட்டினால் வேளாங்கண்ணி. கேரவன்காரர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல யோசனை வேளாங்கண்ணிதான். வண்டியிலேயே படுத்துத் தூங்குகிற கூட்டம் அங்கே புதிதில்லை, கட்டணக் கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு, ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வேன் வேனாகப் போய்ப் பழகின ஊர். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போது மட்டும் போய்விடாதீர்கள். கோடியக்கரையில் கடை குறைவு, டீசலும் பணமும் வேதாரண்யத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளின ஊர் அது, அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் கோடியக்கரை போகிற வழியில்தான் இருக்கிறது.

தேசியப் பூங்கா என்ற பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தால் மன்னார் வளைகுடாதான். 1986-இல் அறிவித்தது, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். சுண்ணாம்புக்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அந்த 21-இல் இரண்டு தீவு கடலுக்குள் மூழ்கியே போய்விட்டது. சிக்கல் எங்கே என்றால், பூங்காவே தண்ணீரில் இருக்கிறது. நினைத்த தீவில் இறங்க முடியாது. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து வனத்துறை படகில் குருசடைத் தீவுக்குப் போய் வரலாம், விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கின துறையும் அதுதான். வளைகுடாவை விட்டு பாக் ஜலசந்திப் பக்கம் போனால் காரங்காட்டில் அலையாத்திக்குள் துடுப்புப் படகு போடலாம். இரண்டும் அருமையான விஷயம், ஆனால் இரண்டிலும் கேரவன் கரையில் சும்மா நிற்கும், மீட்டர் மட்டும் ஓடும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு போட்டிருக்கிறார்கள், அங்கேயாவது வண்டியில் தங்கலாம் என்று பார்த்தால் சாயங்காலம் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நல்லதுதான், 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் ஊரையே கடல் கொண்டுபோன இடம்.

தூரமும் பாருங்கள், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபமே திருச்சி வழியாக 540 கிலோமீட்டர் போலாகும், போக ஒரு நாள் வர ஒரு நாள். குறைந்தது நான்கு நாள் லீவு இருப்பவர்கள், அதிலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போகிறவர்கள், டெம்போவில் போய் ராமேஸ்வரத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும், படகு இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். பவளத் துண்டு, கடல் அட்டை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், இரண்டும் புலிக்குச் சமமாகச் சட்டம் பாதுகாக்கிற சங்கதி.

எங்களுக்கு மூன்று நாள்தான். அதனால் டெம்போ, கோடியக்கரை, முதல் ராத்திரி வேளாங்கண்ணி, இரண்டாம் ராத்திரி வேதாரண்யம் என்று முடிவாகிவிட்டது. நான்கே பேராக இருந்து, அம்மாவும் இல்லாமல், காசும் இருந்திருந்தால் அதே வழியில் கேரவனுக்குச் சரி என்றிருப்பேன். சமையல் கிடையாது, புளிசாதமும் கருவாட்டுத் தொக்கும் முதல் நாளுக்கு, அதற்கப்புறம் ஓட்டல். தண்ணீருக்கு மூடி போட்ட இருபது லிட்டர் கேன் நான்கு, அது அம்மாவின் கணக்கு.

மச்சானுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. நேற்று சின்னக் கூடாரம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். வேதாரண்யம் லாட்ஜுக்குப் போன் செய்து மொட்டை மாடியில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தாராளமா போடட்டும் சார், கீழ ரூம்ல ஒரு பாயும் போட்டு வைக்கிறேன்" என்றார் லாட்ஜ்காரர்.