லேபிளில் 200 ஏ.எச்., உள்ளே அதில் பாதிகூட இல்லை: கேரவன் கட்டுபவர்கள் கவனத்துக்கு

டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்ற நினைப்பவர்கள், கரண்டுக்கு என்ன வைப்பது என்று முடிவெடுத்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வண்டியைக் கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் கட்டினோம். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. கட்டில், அலமாரி, தண்ணீர் டேங்க் எல்லாம் நன்றாகவே செய்திருந்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கரண்ட் விஷயத்தில்தான் ஏமாற்றிவிட்டார்கள்.

அவர்கள் சொன்ன பேக்கேஜ் இது: 200 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியில் எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற அளவு) லித்தியம் பேட்டரி, கூரையில் 400 வாட் சோலார், 2000 வாட் இன்வெர்ட்டர், வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தும் (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் கருவி) சார்ஜ் ஏறும். இது மட்டும் 1,85,000 ரூபாய். "மூணு நாளைக்கு பிளக் பாயின்ட்டே தேட வேண்டாம் சார், மிக்சி, இண்டக்‌ஷன் எல்லாம் ஓடும்" என்றார் முதலாளி. எனக்கு இண்டக்‌ஷன்கூட முக்கியமில்லை. அம்மா எங்களோடு வருகிறார், அவருக்கு இன்சுலின் உண்டு, திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ராப்பகலாக ஓடியே ஆக வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இதை முதல் நாளே அவரிடம் தெளிவாகச் சொல்லித்தான் வேலையைக் கொடுத்தேன்.

கணக்கைப் பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 200 ஏ.எச். என்றால், இரண்டையும் பெருக்க 2560 வாட்-அவர். எங்கள் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் எடுக்கும், விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு நாளைக்கு 550 வாட்-அவர் போல ஆகும். விளக்கு, லேப்டாப், செல்போன், தண்ணீர் மோட்டார், சும்மா ஆனில் இருந்தாலே இன்வெர்ட்டர் தின்பது எல்லாம் சேர்ந்தாலும் நாளைக்கு 1100, 1200-ஐத் தாண்டாது. அதாவது வெயிலே அடிக்காவிட்டாலும் ஒன்றரை நாளுக்கு மேல் தாராளமாகத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஃபுல் சார்ஜில் வால்பாறை ஏறினோம். மழை. மறுநாள் ராத்திரியே எல்லாம் அணைந்துவிட்டது, ஃபிரிட்ஜ் நின்றது எங்களுக்குத் தெரியாது, விடிந்து பார்த்தால் இன்சுலின் பெட்டி வெதுவெதுவென்று இருந்தது. அதை நம்பி அம்மாவுக்கு ஊசி போட முடியுமா? மெடிக்கல் ஷாப் திறக்கும்வரை காத்திருந்து புதிதாக வாங்கினோம். அந்த இரண்டு மணி நேரம் நான் பட்ட பதற்றத்தை இப்போது நினைத்தாலும் அந்த முதலாளி மேல் ஆத்திரம்தான் வருகிறது.

போன் செய்தால், "மழைக்காலம் சார், பேனல் ஏறியிருக்காது" என்கிறார். பேனலே இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டிய பேட்டரிக்கு மழையைக் காரணம் சொன்னால் எப்படி? அப்புறம் மிக்சி. 750 வாட் மிக்சியைத் தட்டியதும் ஃபிரிட்ஜ் உட்பட மொத்த வண்டியும் இருட்டாகும். அதற்கு அவர் சொன்ன பதில், "மிக்சி போடாதீங்க சார்."

பொள்ளாச்சியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் செய்த டெஸ்ட்டை நீங்களும் செய்யலாம், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து, 55 வாட் ஹெட்லைட் பல்பு நான்கை 12 வோல்ட்டில் நேராகக் கொடுத்து, நடுவில் ஆம்பியர்-அவர் காட்டும் ஷன்ட் மீட்டர் ஒன்றை மாட்டினார். பல்பு ஒன்றுக்கு ஐந்து ஆம்பியரை ஒட்டி இழுக்கும், நான்கும் சேர்ந்தால் 20-க்குக் கொஞ்சம் குறைவு. 200 ஏ.எச். நிஜமென்றால் பத்து மணி நேரம் எரிய வேண்டும். நாலே கால் மணி நேரத்தில் அணைந்துவிட்டது. மீட்டரில் 82 ஏ.எச்.

பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதன் பிறகுதான் வீடியோ எடுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தோம். உள்ளே பாதி இடம் தெர்மாகோல். மீதியில் 32650 என்கிற உருளை செல்கள், நாலு வரிசை, வரிசைக்கு 16. ஒரு செல் 6 ஏ.எச். வரிசைக்குள் இருக்கும் 16 செல்களின் ஏ.எச்.தான் கூடும், நாலு வரிசை சேர்வது வோல்ட்டுக்கு. ஆக எல்லாம் புத்தம் புதிதாக இருந்திருந்தாலே 96-தான் வரும். அதுவும் புதிது கிடையாது: செல் முனைகளில் பழைய வெல்டிங் புள்ளிகளைச் சுரண்டிவிட்டு, அதன் மேலேயே புதுப் பட்டியை அடித்திருந்தார்கள். வேறு எதிலிருந்தோ பிரித்தெடுத்த செல்களுக்குப் புது நீல உறை போட்டு விற்றிருக்கிறார்கள். இந்த வகையில் 200 ஏ.எச். பேட்டரி இருபது கிலோவாவது வரும், எங்களுடையது பெட்டியோடு சேர்த்தே பதினான்கு.

மிக்சிக்கும் விடை அங்கேயே இருந்தது. உள்ளே இருந்த பி.எம்.எஸ். போர்டு (அளவுக்கு மீறி கரண்ட் போனால் பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்பு போர்டு) 60 ஆம்பியர். 2000 வாட் எடுக்க வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 160, 170 ஆம்பியர் வர வேண்டும். இந்த போர்டு 700 சொச்சம் வாட்டிலேயே கையை விரித்துவிடும், மிக்சி கிளம்பும்போது இழுப்பதோ அதைவிட அதிகம். இன்வெர்ட்டருக்குப் போன வயர் வெறும் 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 2000 வாட்டுக்கு அது மெல்லியது. அதில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை. பி.எம்.எஸ். சின்னதாக இருந்ததால்தான் அந்த வயர் சூடேறித் தீப்பிடிக்கவில்லை என்றார் அந்தத் தம்பி. பின்சீட்டில் அம்மா படுத்துத் தூங்கும் இடத்துக்கு நேர் கீழே அந்த வயர்.

சரி, பேனலாவது ஒழுங்கா என்று டேப் வைத்து அளந்தேன். நல்ல மோனோ பேனல் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் தரும், அதற்கு மேல் கொஞ்சம் கூடலாம். "200 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய எங்கள் பேனல் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், 67 சென்டிமீட்டர் அகலம். 150-ஐத் தாண்ட வழியே இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் (ஏறும் கரண்டை அளவாக விடும் கருவி) இல்லாமல் வெறும் ரிலே சுவிட்ச் வைத்து நேராகக் கொடுத்திருந்தார்கள். லித்தியம் கண்டபடி இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகும்.

இத்தனைக்கும் பிறகு அவர்கள் சமாதானமாகக் கொடுக்க வந்தது என்ன தெரியுமா? ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். "பின்னாடி டிக்கியில வச்சுக்குங்க, ராத்திரி ஓட்டிக்குங்க." இதைக் கேட்டுத்தான் எனக்கு உடம்பு நடுங்கியது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் கசிந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். கேரவன் கட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர் இதை வாய்கூசாமல் சொல்கிறார். யார் சொன்னாலும் ஜெனரேட்டரை வண்டியின் உடம்போடு ஒட்டி வைத்து ஓட்டிவிட்டு உள்ளே தூங்காதீர்கள். எந்த பவர் வைத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு இடத்தில் மாற்றிவிட்டோம். தொழிற்சாலை டெஸ்ட் ரிப்போர்ட்டோடு வந்த 100 ஏ.எச். பேட்டரி இரண்டு, பேட்டரி முனையிலேயே ஃபியூஸ், தடித்த கேபிள், 25 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர். சமையலுக்கு கேஸ் அடுப்பு. ஃபிரிட்ஜ் ஒரு முறைகூட நிற்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. எங்கள் பில்லில் "பேட்டரி செட்" என்று மட்டும் எழுதி, எத்தனை ஏ.எச். என்பதை விட்டுவிட்டார்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் 200 ஏ.எச். என்று இருந்ததால்தான் எங்களிடம் ஆதாரம் இருக்கிறது. ஆகவே பில்லிலேயே ஏ.எச்., செல் வகை, பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர், பேனலின் நீள அகலம், வயர் எத்தனை ஸ்கொயர் என்று எழுதி வாங்குங்கள்.

அந்தப் பட்டறை இன்றும் அதே பேக்கேஜை விற்றுக்கொண்டிருக்கிறது. கோவைப் பக்கம் யாரிடம் வண்டி கட்டினாலும் சரி, கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் நாலு ஹெட்லைட் பல்பும் ஒரு மீட்டரும் எடுத்துக்கொண்டு போய், உங்கள் கண் முன்னால் முழுசாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரமில்லை, வாரன்டி போய்விடும் என்று சாக்குச் சொன்னால் அந்தப் பேட்டரியை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.