கோலாலம்பூரில் கண் பரிசோதனை: எண்ணோடு தூரத்தையும் எழுதி வாங்குங்கள்

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கைக்குழந்தையையும் பாட்டியையும் ஒரே நாளில் கண் கிளினிக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இருவருக்கும் கருவி வேறு, நேரமும் வேறு. குழந்தைக்குக் காலைதான் சரி, அதுவும் பால் குடித்துத் தூங்கி எழுந்த பிறகு.

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் கண்ணாடிக் கடைகளுக்குக் குறைவில்லை. உள்ளே இருப்பவர் ஆப்டீஷியனா (கண்ணாடி பொருத்தித் தருபவர்), ஆப்டோமெட்ரிஸ்டா (கண்ணைப் பரிசோதிக்கப் படித்தவர்) என்று முதலில் கேளுங்கள். மலேசியாவின் 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம் இருவரையும் தனித்தனியாகவே பதிவு செய்கிறது. பேசத் தெரியாத குழந்தைக்கு ஆப்டோமெட்ரிஸ்டோ குழந்தைக் கண் மருத்துவரோதான் வேண்டும். கோடு காட்டிக் குழந்தையின் பார்வையை அளக்கும் டெல்லர் அட்டை இருக்கிறதா என்று போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பொம்மையை ஆட்டிக் காட்டி "பாப்பா பாக்குது, ஒன்னும் இல்ல" என்று அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. பொம்மையைக் குழந்தை தொடர்வது அசைவைக் கண்டு. கூர்மை எவ்வளவு என்பது அதில் தெரியாது.

டெல்லர் அட்டை சாம்பல் நிறத்தில் நீளமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு சிறு துளை. வெறும் பரப்பைவிடக் கோட்டையே குழந்தை பார்க்கும். சோதிப்பவர், கோடு எந்தப் பக்கம் என்று தெரியாமலே துளை வழியாகக் குழந்தையின் பார்வையைக் கவனிக்க வேண்டும். தெரிந்திருந்தால் மனசு தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். அட்டைக்கு அட்டை கோடு மெலிந்துகொண்டே போகும். ஆறு மாதம் வரை 38 செ.மீ., அதன்பின் மூன்று வயது வரை 55 செ.மீ. தூரம்.

கோளாறு பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான். அட்டையில் உள்ள எண், ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சோடிக் கோடு என்பது. 6.5 அட்டையை 55 செ.மீ.யில் பார்த்தால் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குச் சுமார் 6.2 சோடி, அதே அட்டை 38 செ.மீ.யில் 4.3தான். 55 என்று எழுதிவிட்டு 38இல் பிடித்தால் ஓர் அட்டை அளவு பார்வை கூடிப்போகும். முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒரு சோடி என்பது தோராயக் கணக்கு: ஆறாம் மாதம் 6, அதாவது 6/30 (நல்ல பார்வை உள்ளவர் 30 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்க முடியும்). பெரியவர்களின் 6/6க்கு 30 வேண்டும். ஆக, ஆறு மாதக் குழந்தைக்கு 6/30 என்று கேட்டுப் பதறாதீர்கள்.

இரு கண்ணையும் சேர்த்து மட்டும் சோதித்தால் ஒற்றைக் கண் சோம்பல் (ஒரு கண்ணில் மட்டும் பார்வை சரியாக வளராமல் இருப்பது) ஒளிந்துகொள்ளும். ஒட்டும் பட்டையால் ஒரு கண்ணை மூடிச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு, எழுத்துக்குப் பதில் ஆப்பிள், வீடு போன்ற உருவங்கள் உள்ள லியா படங்கள் போதும். ஆப்பிளை மாங்கா என்றாலும் சரி, ஒவ்வொரு முறையும் மாங்கா என்றே சொன்னால் போதும்.

குழந்தையின் கண்ணாடிப் பவர் பார்க்கக் கண்பாவையை (கண் நடுவில் உள்ள கறுப்புத் துளையை) விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். கறுப்புக் கண்ணுக்கு அது மெதுவாகத்தான் ஏறும். அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும், சிலருக்கு இன்னொரு சொட்டும் தேவைப்படும். கூச்சம் ஒரு நாள் நிற்கலாம். விமானம் ஏறும் நாளில் வேண்டாம்.

பாட்டி எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்தாலும் அதோடு எழுந்துவிடாதீர்கள். வயதில் கண்பாவை சுருங்கும், கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். முதலில் குறைவது மங்கலான வேறுபாட்டைப் பிரிக்கும் திறன். வெள்ளைக் கோப்பையில் பால் எவ்வளவு என்று தெரியாது, பத்துமலையின் 272 படிகளில் இறங்கும்போது விளிம்பு பிடிபடாது. இதை அளக்கும் பெல்லி-ராப்சன் பலகையில் எழுத்தெல்லாம் ஒரே அளவு. மூன்று மூன்றாக வெளிறிக்கொண்டே போகும், 1 மீட்டரில் படிக்க வேண்டும். கேட்டால்தான் எடுப்பார்கள்.