புல்லர்ஸ் ஈ.எஸ்.பி.: 50க்கு 40, பிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே குடித்தால் 30

வெள்ளவத்தையில் லண்டனிலிருந்து பெட்டி வராத வீடு குறைவு. சொக்லேட்டுக்கும் செடார் கட்டிக்கும் நடுவில், பழைய ரீசேட்டில் சுற்றிய ஒரு போத்தலும் சிலவேளை வந்து இறங்கும்: புல்லர்ஸ் ஈ.எஸ்.பி. பியர், அரை லீற்றர், 5.9 சதவீத மதுசாரம். வந்த அன்றே அது பிரீசருக்குள் போகும். இரவு லயன் லாகரை ஊற்றுவதுபோல நடுங்க நடுங்க ஊற்றுவார்கள். முதல் மிடறிலேயே தீர்ப்பு வந்துவிடும்: "காஸ் இறங்கிப்போச்சு, ஒரு வாசமும் இல்லை. இதையோ அங்கயிருந்து காவிக்கொண்டு வந்தவை?"

காஸ் இறங்கவில்லை, பிட்டர் என்ற இந்த வகைக்கே காஸ் குறைவு. வாசம் இல்லாமல் போனதற்குக் காரணம் பிரீசர். இரண்டையும் தெரிந்துகொண்டு குடித்தால் கொழும்பில் கிடைக்கக்கூடிய நல்ல பியர்களில் இதற்கு ஓர் இடம் உண்டு.

பிட்டர் என்ற பேர் பப்பில் நின்று குடித்தவர்கள் வைத்தது. காய்ச்சியவர்கள் அதைப் பேல் ஏல் என்றார்கள். பக்கத்துப் பீப்பாயில் இருந்த இனிப்பான மைல்டிலிருந்து பிரித்துக் கேட்க, குடிப்பவர்கள் பிட்டர் என்றார்கள். ஆகவே அந்தக் கைப்பு ஒப்பீட்டுக் கைப்புத்தான். பாவற்காய்ச் சாற்றை எதிர்பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பியர் நடுவர்கள் பாவிக்கும் பி.ஜே.சி.பி. வழிகாட்டி இதை மூன்று படியாகப் பிரிக்கிறது: ஓடினரி 3.2 முதல் 3.8 சதவீதம், பெஸ்ட் 3.8 முதல் 4.6, ஸ்ட்ரோங் 4.6 முதல் 6.2. ஈ.எஸ்.பி., அதாவது எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர், மூன்றாவது படி. பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது: லயன் ஸ்ட்ரோங் 8.8 சதவீதம் குடித்துப் பழகிய ஊருக்கு 5.9 ஒன்றும் பெரிதல்ல. வெறி ஏறவேண்டும் என்பவர்கள் இதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம்.

இது லண்டனில் சிஸ்விக் பகுதியிலுள்ள கிரிபின் புரூவரியின் சரக்கு. 1971இல் நிரந்தரப் பியராக வந்தது; 1978, 1981, 1985 ஆகிய மூன்று வருடங்களில் பிரித்தானியாவின் சாம்பியன் பியர் விருதை எடுத்தது. புல்லர்ஸின் பியர் வியாபாரம் 2019இலிருந்து ஜப்பானிய அசாகி கையில். அங்கே பப்பில் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுவது 5.5 சதவீதம், போத்தலில் வருவது 5.9. இரண்டும் ஒன்றல்ல, இங்கே மதிப்பிடுவது போத்தலை மட்டும்.

மதிப்பெண் முறையும் பி.ஜே.சி.பி.யுடையதே: மணம் 12, தோற்றம் 3, ருசி 20, வாயில் படும் விதம் 5, மொத்த அபிப்பிராயம் 10. பிரிட்ஜில் நிறுத்தி வைத்த போத்தலை 12 பாகையில் சுவைத்தது, அதே போத்தலின் முதல் ஊற்றை 4 பாகையில் சுவைத்தது, நான்கு கிழமை குசினி அலுமாரியில் கிடந்த இன்னொரு போத்தல், பக்கத்தில் ஒப்பிட அதே புரூவரியின் ஒரு லண்டன் பிரைட், கூடவே ஒரு லயன் லாகர். (லாகரை முதல் நாளே வாங்கி வைக்கவேண்டும். போயாவில் வைன் ஸ்டோர் பூட்டு.)

முதலில் கிளாஸ். இதில்தான் பாதி வீடுகளில் பிழை நடக்கிறது. கறிச்சட்டி தேய்த்த அதே ஸ்பொன்ஜால் கிளாஸையும் கழுவினால், தேங்காயெண்ணெய் கண்ணுக்குத் தெரியாத படலமாக உள்ளே ஒட்டியிருக்கும். நுரை எழும்பின வேகத்தில் செத்துவிடும், பழி பியரில் விழும். புது ஸ்பொன்ஜ், கொஞ்சம் பாத்திரச் சவர்க்காரம், பிறகு குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். சோதிக்க ஒரு வழி: ஈரக் கிளாஸின் உள்ளே உப்புத் தூவிப் பார்த்தால், எண்ணெய் உள்ள இடத்தில் உப்பு ஒட்டாது. பப் கிளாஸ் தேவையில்லை. வாய் சற்று ஒடுங்கிய வைன் கிளாஸில் 150 மில்லிலீற்றர் ஊற்றினால் மணம் தங்கும்.

அடுத்தது வெப்பநிலை. லாகருக்கு 4 பாகை சரி. பிட்டருக்கு 11 முதல் 13, அதாவது பப்பின் நிலவறைக் குளிர். அந்த வெப்பநிலை கொழும்பு வீட்டில் தானாக எங்கும் கிடையாது. மேசையில் 30, பிரிட்ஜில் 4. ஆகவே பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் ஏறக்குறைய இருபது நிமிடம் நிறுத்த வேண்டும், பான் காற்று பட்டால் பதினைந்து போதும். போத்தல் வேர்த்து வடிகிற ஈரமும் சூட்டை உள்ளே கடத்தும் என்பதால் இங்கே சூடேறுவது லண்டனைவிடச் சீக்கிரம். குசினித் தெர்மோமீற்றர் இருந்தால் ஊற்றின கிளாஸில் ஒருதரம் வைத்துப் பார்க்கலாம். கிளாஸும் அறைச் சூட்டில் இருப்பதால் ஊற்றும்போது ஓரிரு பாகை கூடும். போத்தலில் 10 இருக்கும்போதே ஊற்றுவது புத்தி. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல் மிச்சத்தைத் திரும்பப் பிரிட்ஜில் வைக்கவும். 18 பாகையைத் தாண்டினால் மதுசாரம் முன்னுக்கு வந்து, பாணி போல வாயில் கனக்கும்.

4 பாகையில் ஊற்றிய முதல் கிளாஸில் லேசான மூட்டம். அது ஈஸ்ட் படிவு அல்ல. குளிரில் புரதமும் பொலிபீனோலும் கைகோத்துத் தெரியும் மூட்டம், 12க்கு வரும்போது கரைந்துபோகும். கரைந்த பிறகு நிறம் தேய்த்த செம்பு. நுரை கிரீம் நிறம், ஒரு விரற்கடை. இரண்டு நிமிடத்தில் மெல்லிய வளையமாகி, ஒவ்வொரு மிடறுக்கும் கிளாஸில் ஒரு கோடு விட்டுப் போகும். தோற்றத்துக்கு 3க்கு 3. மூட்டம் கலையவில்லை என்றால் போத்தல் பழசு என்று சந்தேகிக்கலாம்.

மணத்துக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் வருவது தோடம்பழ மாமலேட். பழச்சாறு இல்லை, தோலோடு காய்ச்சிய மாமலேட்டின் அடிப் பகுதி. இந்த மணத்தின் பெரும்பங்கு இந்தப் புரூவரியின் ஈஸ்ட் கொடுப்பது, ஹொப் (பியருக்குக் கைப்பும் மணமும் கொடுக்கும் பூ) கொஞ்சம் துணைக்கு. அதன் கீழே மோல்ட், அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி: போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த ரோஸ்ட் பாணின் கருகின ஓரம், பிறகு டொபி. டொபி வாசம் கிறிஸ்டல் மோல்ட்டால். முளைத்த ஈரப் பார்லியைக் காயவிடாமல் 65 பாகையை ஒட்டிப் புழுங்க வைத்தால் தானியத்தின் உள்ளேயே மாச்சத்து சீனியாக மாறும். பிறகு வறுக்கும்போது அந்தச் சீனி இறுகிக் கருகும். பனங்கட்டி காய்ச்சும் அடுப்படிக்குக் கிட்ட நின்றவர்களுக்கு இந்த மணம் புதிதல்ல. கடைசியில், கிளாஸை ஒருதரம் சுழற்றினால், ஈரமண்ணும் காய்ந்த புல்லும்: அதுதான் இங்கிலாந்து ஹொப். கோல்டிங்ஸ், நோத்டவுன், சலஞ்சர், டாகெட் என்ற ஹொப் வகைகள் எல்லாம் இந்தக் கிளாஸுக்குள் உண்டு. ஹொப் தூக்கலான அமெரிக்க ஐ.பி.ஏ. பியர் போல மூக்கில் வந்து அடிக்காது, தேடிப் போகவேண்டும். 12க்கு 9. இதே போத்தல் 4 பாகையில் 5தான் எடுத்தது. மாமலேட் முழுக்கக் காணோம், பாண் மணம் மட்டும் மெல்லமாய்.

மணத்தில் பட்டர் கேக் வாசம் வந்தால் அது டையசெட்டைல், பியர் புளிக்கும்போது உண்டாகும் ஒரு பொருள். ஈஸ்ட் வேலை முடிய முன் அடியில் படிந்துவிட்டால் அது மிஞ்சும். இங்கிலாந்து ஈஸ்டுகள் சீக்கிரம் படியும் சாதி என்பதால் இந்த வகையில் ஒரு சொட்டு இருந்தால் மன்னிக்கலாம். இந்தப் போத்தலில் இருந்தும் இல்லாதது போல. நாக்கில் வெண்ணெய் வழுக்கினால்தான் பிழை.

ருசிக்கு 20க்கு 16. நுனிநாக்கில் டொபி இனிப்பு, நடுவில் பாண் தோல், தொண்டைக்குப் போகும்போது கைப்பு எழும்பி இனிப்பைத் துடைத்துக்கொண்டு போகும். விழுங்கிய பிறகு அரை நிமிடமாவது அது நிற்கிறது. ஹொப்பிலுள்ள அல்பா அமிலங்கள் நீண்ட நேரம் கொதித்து உருமாறினால்தான் இந்தக் கைப்பு வரும்; சுத்தமான கைப்பு, நாக்கின் பின்பக்கம் இருக்கும். கயர் வேறு. பிளேன்ரீயில் சாயம் கூடிப்போனால் கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அது கயர். பியரில் அது வந்தால் பார்லி உமியிலிருந்து தனின் இறங்கியிருக்கிறது என்று பொருள். சுவைப்பவர்கள் அடிக்கடி இந்த இரண்டையும் குழப்பி, நல்ல பிட்டருக்குப் புள்ளி குறைப்பார்கள். இங்கே கயர் இல்லை. நான்கு புள்ளி குறைந்ததற்குக் காரணம், கடைசி மிடறுகளில் டொபி கொஞ்சம் ஒட்டுகிறது; ஹொப் இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருக்கலாம்.

வாயில் படும் விதம் 5க்கு 4. லாகரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர் காபனீரொட்சைட் கரைந்திருக்கும். போத்தல் பிட்டரில் இரண்டை ஒட்டி, பீப்பாயில் ஒன்றுக்குச் சற்று மேல். குத்தாது, வழுவழுவென்று போகும். "காஸ் இறங்கிப்போச்சு" என்பதன் கதை இவ்வளவுதான். லயன் லாகரைக் குடித்துவிட்டு இதற்கு வந்தால் தண்ணீராகத் தெரியும், ஆகவே பிட்டரை முதலில் சுவைக்கவும். மொத்த அபிப்பிராயம் 8. கூட்டினால் 40. 4 பாகையில் சுவைத்த முதல் ஊற்றுக்கு 30தான்.

இப்போது அலுமாரிப் போத்தல். பியர்க்காரர்கள் 3-30-300 என்று ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள்: 32 பாகையில் 3 நாளில் நடக்கும் பழுது 22 பாகையில் 30 நாளிலும், 3 பாகையில் 300 நாளிலும் நடக்கும். கொழும்புக் குசினி முதல் வரிசையில் நிற்கிறது. நான்கு கிழமைக்குப் பிறகு மாமலேட் போய்விட்டது, ஹொப் மணம் அதற்கு முன்பே போயிருக்கும். டொபி, நத்தார் கேக்குக்கு ஊறவைத்த பிளம்ஸாகி, பின்னால் நனைந்த காட்போட் பெட்டி. கைப்பு சொரசொரவென்று நாக்கில் அறைகிறது. 25 புள்ளி. குடிக்கலாம், ஆனால் இது ஈ.எஸ்.பி. இல்லை. கேக் வாசத்தை "நல்லா ஊறியிருக்கு" என்று மெச்சுபவர்களும் உண்டு, 5.9 சதவீதத்துக்கு அந்த ஊறல் ஒத்துவராது.

வெளிச்சமும் எதிரிதான். மண்ணிறப் போத்தல் பெருமளவு காப்பாற்றும், பச்சையும் வெள்ளையும் காப்பாற்றாது. ஆனால் கிளாஸில் ஊற்றி பால்கனி வெயிலில் வைத்தால் எந்தப் போத்தலிலிருந்து வந்தாலும் சில நிமிடத்தில் எரிந்த ரப்பர் நாற்றம் பிடிக்கும். ஹொப்பின் கைப்புப் பொருளை வெளிச்சம் உடைப்பதால் வருவது. கடல் பார்த்துக் குடிக்க ஆசையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு.

லண்டன் பிரைட் 4.7 சதவீதம், போத்தலில். ஈ.எஸ்.பி.யும் இதுவும் ஒரே மாவூறலில், அதாவது சுடுநீரில் ஊறவைத்த ஒரே மோல்ட்டில், பிறந்தவை: முதலில் வடியும் கனமான சாற்றையும் பிறகு வடியும் மெல்லிய சாற்றையும் தனித்தனியே கொதிக்க வைத்து, வேறுவேறு விகிதத்தில் கலந்து வேறுவேறு பியர் எடுப்பார்கள். ஆகவே அதே மாமலேட், கொஞ்சம் தண்ணீர் விட்டது போல. 35. இரண்டாவது போத்தல் குடிக்கப் போகிறவர்களுக்கு இதுவே நல்லது.

பைட்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டெவில்ட் கணவாய், மிளகாய்ப் பொடி தூவிய கடலை எல்லாம் லாகரின் கூட்டாளிகள். மிளகாய்க் காரமும் ஹொப் கைப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், டெவில்ட் சோஸின் சீனி மோல்ட்டை மூடிவிடும். சுவைத்து முடியும்வரை வெறும் பாணும் தண்ணீரும். பிறகு பெட்டியில் கூட வந்த செடார், அல்லது சூடான மட்டன் ரோல்ஸ். ரோல்ஸின் பொரித்த தூளுக்கும் இந்தப் பாண் தோல் ருசிக்கும் நல்ல பொருத்தம், மிளகு மட்டும் அளவாக இருக்கவேண்டும்.

லண்டனிலிருந்து வருபவரிடம் சொல்லிவிட வேண்டியது: லேபிளில் திகதி பார்த்து, ஆகத் தூரத் திகதி உள்ளதை எடுக்கவும், கடையின் யன்னலோரத் தட்டிலிருந்து வேண்டாம். மூடியை பிளாஸ்டிக் பையால் கட்டி, உடுப்புக்கு நடுவில், செக்-இன் பெட்டியில். கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியில் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினால் பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், படுக்க வைக்காமல், நிமிர்த்தி இரண்டு நாள்.