"ஒரிஜினல் விண்டோஸ் 11" என்று விற்கிற சின்ன லேப்டாப்: உஷார்!

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். அரை மாதச் சம்பளம் போய்விட்டது.

தங்கச்சி படிப்புக்கு ஒரு சின்ன லேப்டாப் தேவைப்பட்டது. அவள் பாடத்துக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து ஆன்லைனில் விற்கிற ஒரு கடையில் "4 ஜிபி ரேம், ஒரிஜினல் விண்டோஸ் 11" என்று போட்டிருந்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். "4 ஜிபியில் விண்டோஸ் 11 ஓடுமா?" என்று சாட்டில் கேட்டேன். "தாராளமா ஓடும் சார், இப்பவே காட்டறேன்" என்று ஐந்தே நிமிடத்தில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இவ்வளவு அக்கறையாகப் பதில் சொல்கிறாரே என்று அந்த நிமிடமே பணத்தைக் கட்டிவிட்டேன்.

நேற்று வந்து சேர்ந்தது. திறந்ததும் வலது பக்கக் கீழ் மூலையில், கடிகாரத்துக்கு மேலே, விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக ஒரு வரி. அதாவது, ஒரிஜினல் உரிமம் போடவே இல்லை. அவர் அனுப்பிய போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த மூலையை மட்டும் வெட்டியிருக்கிறார்! வயிறு எரிந்தது.

இன்னும் இருக்கிறது. உள்ளே ஸ்டோரேஜ் மொத்தமே 32 ஜிபி, அதுவும் இஎம்எம்சி என்கிற சிப். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது குறைந்தது 64 ஜிபி, கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி. இதில் இரண்டுமே இல்லை. விண்டோஸ் ஏற்றும்போது நடக்கும் தகுதிச் சோதனையைத் தாண்டி எப்படியோ ஏற்றியிருக்கிறார்கள். சி டிரைவில் பட்டை முழுக்கச் சிவப்பு, அப்டேட் கொடுத்தால் இடம் போதவில்லை என்று நிற்கிறது. பெரிதாக மாற்றிப் போடவும் வழியில்லை, இஎம்எம்சி போர்டிலேயே பற்றவைத்தது.

போன் செய்தேன். "பென்டிரைவ் மாட்டிக்கோங்க சார்." மறுபடி செய்தேன். "அது சாஃப்ட்வேர் பிரச்சினை, வாரண்டி ஹார்டுவேருக்குத்தான்." மூன்றாவது முறை வேறொருவர்: "லாகின் பண்ணிட்டீங்களே, இனி ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." லாகின் செய்யாமல் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பதாம்? இப்போது சாட்டில் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. அரை மாதச் சம்பளம் கட்டியவனுக்கு நீல டிக்!

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ரேமை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள், ஸ்டோரேஜ் எவ்வளவு, டிபிஎம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்றால் நம்பிப் போகாதீர்கள், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. பிரவுசரும் டைப்பிங்கும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு பாருங்கள், பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு ஏற்றலாம். குரோம்புக் (கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்) என்றால் அந்த மாடலுக்கு அப்டேட் எந்தத் தேதி வரை என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

வெட்டிய போட்டோவையும் சாட்டையும் சேர்த்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சிக்கு இன்னும் லேப்டாப் இல்லை.