மதுரை அரவிந்தில் அம்மாவுக்கு முழுக் கண் பரிசோதனை

வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டியே ஆக வேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிற இடம் எது என்று கேட்டால் மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனையைத்தான் சொல்வேன்.

அம்மாவுக்குப் பல வருஷமாகச் சுகர். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்து, பவர் மாறியிருந்தால் கண்ணாடியை மாற்றுவார், அதோடு சரி. அந்த மெஷின் பவரைத்தான் சொல்லும். உள்ளே ரத்தக்குழாய் கசிகிறதா, கண் நரம்பு தேய்கிறதா என்பதெல்லாம் அதில் வராது.

இங்கே முதலில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். அம்மா கடைசி வரிவரை தடுமாறாமல் வாசித்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே தெரியுது, கிளம்புவோமா" என்றார். அடுத்து கண் பிரஷர். பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள், ஆனால் அதற்குள் இருந்தும் சிலருக்கு கண் நரம்பு தேய்கிற குளுகோமா நோய் வரும் என்பதால் நரம்பையும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அப்புறம் சொட்டு மருந்து. "லேசா எரியும்மா, கண்ணைத் திறக்காம உக்காந்திருங்க" என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அம்மாவின் கண்ணில் நடுக் கறுப்பு விரிந்து, பழுப்பு நிறம் ஓரத்தில் மெல்லிய வளையமாக மட்டும் மிச்சமிருந்தது. அப்படி விரிந்தால்தான் டாக்டருக்கு உள்ளே முழுசாகத் தெரியும்.

டாக்டர் பார்த்துவிட்டுப் படமும் எடுக்கச் சொன்னார். திரையில் ஆரஞ்சு நிறத்தில் விழித்திரை, அதில் பேனா முனையால் குத்தியது போல அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். சின்ன ரத்தக்குழாய்கள் வீங்கி, சில இடங்களில் கசிந்திருக்கிறது, ஆரம்ப நிலைதான், லேசர், ஊசி எதுவும் இப்போது வேண்டாம், சுகரையும் பிபியையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் வாருங்கள் என்றார். கடைசி வரிவரை வாசித்த கண்ணில்தான் இது. பார்வைக்கு நடுவான இடத்தைத் தொடாதவரை நோயாளிக்கு எதுவும் தெரியாது, மங்கட்டும் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் நிலைமை கை மீறிப் போயிருக்கும்.

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு, 11 படுக்கைகளை வைத்துத் தொடங்கிய ஆஸ்பத்திரி இது. பணம் கட்டுபவர்கள் தருவதை வைத்தே இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த சிஸ்டர்கள் வேலை செய்யும் விதம். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், இங்கேயே பயிற்சி பெற்றவர்கள். முதல்கட்டப் பரிசோதனையை எல்லாம் அவர்களே முடித்துவிடுவதால் டாக்டருக்கு நோயாளியிடம் விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்கிறது.

குளுகோமா இன்னும் மோசம். பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இருந்தால், 40 வயதைத் தாண்டியவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டிவிடுங்கள். மெடிக்கல் கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீர்கள், அதுவே பிரஷரை ஏற்றிவிடும்.

அரை நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். சொட்டு மருந்து போட்டபின் சில மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெயிலில் கண் கூசும், அதனால் பைக் ஓட்டிப் போகாமல் கூட ஒருவரை அழைத்துப் போவது நல்லது. பழைய கண்ணாடி, கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனை என்று நினைத்துச் சிலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள், அது தேவையில்லை. சுகர்காரர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுவிட்டே போகலாம்.